சனிக்கிழமை மூன்று மணிக்குப் பச்சை

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் நான் பார்த்த வேலையை என் அப்பாவுக்குக் கடைசிவரை விளக்க முடியவில்லை. வாடகைக் கார் ஒன்றின் கூரையில் நான்கு கைப்பேசிகளை ஒட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். எந்தத் தெருவில் நெட் எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணினி குறித்துக்கொள்ளும். வேகம் சரியாக இருந்தால் வரைபடத்தில் அந்தத் தெரு பச்சை. சுமாரென்றால் மஞ்சள். மோசமென்றால் சிவப்பு. "எஞ்சினீயரிங் படிச்சிட்டு அங்க போய் டிரைவர் வேலையா பாக்குற?" என்று கேட்டுவிட்டு அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்போது 3ஜி வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இருக்கிற கோபுரங்களில் எல்லாம் புதுக் கருவி மாட்டி வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். மாட்டியது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பது நான். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற பெர்மிட்டில் வந்தவன் சுவிஸ்காரனின் கோபுரத்துக்கு மார்க் போடுகிறேன் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஏகப்பட்ட திமிர். அந்தத் திமிரை அடக்கியது நகரத்துக்கு வடக்கே, சரிவில் நின்ற ஒரு கோபுரம்.

ஒவ்வொரு கோபுரத்துக்கும் கூட்ட நேரம் என்று ஒன்று உண்டு. ஸ்டேஷன் பக்கத்துக் கோபுரத்துக்குக் காலை, கடைத்தெருக் கோபுரத்துக்குச் சாயங்காலம். இந்த ஒன்றுக்கு மட்டும் சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வாரம் முழுக்கத் தூங்கிவிட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்குத் திடீரென்று மூச்சுத் திணறும். நாலரைக்கு மறுபடி தூங்கப் போய்விடும். என் மேலதிகாரி வலே என்கிற மலை மாகாணத்துக்காரர், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பவர், அவரே உதட்டைப் பிதுக்கினார். கூட்ட நேரத்திலேயே போய் அளந்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். போனேன். சிவப்பு. அடுத்த சனிக்கிழமையும் போனேன். ரத்தச் சிவப்பு.

மூன்றாவது சனிக்கிழமை, மே மாதத் தொடக்கம், அந்தச் சரிவில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பின் கீழே காரை நிறுத்திவிட்டு, கணினியைப் பார்த்து, "சனியனே, ஏன்டி என் உயிரை வாங்குற?" என்று வாய்விட்டுத் திட்டினேன். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். குப்பைப் பையோடு ஒரு பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், குனிந்து பார்த்தாள்.

"தம்பி தமிழோ? நாங்கள் பொலிஸ் எண்டெல்லோ நினைச்சம்."

மூன்று வாரமாக அந்தக் கட்டடமே என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கவனித்திருக்கிறது. கூரையில் போன் ஒட்டிய காரில் கறுப்பாக ஒருவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? உள்ளே ஏழு தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் மன்னார்க் கத்தோலிக்கர்கள். கண்ணாடியில் தட்டிய அக்கா தனியாக ஒரு அறையில் இருந்தார், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அன்றைக்கே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றேன். குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய கணவர் திருச்சியில்தான் இருந்தார். கல்யாணம் திருச்சியில் நடந்து இரண்டு வருடம். கல்யாணத்துக்குப் பிறகு மூன்றே வாரம் சேர்ந்து இருந்தார்கள். அக்கா வேலைக்குத் திரும்பி வந்துவிட்டார், அவரும் மன்னார்க்காரர்தான், விசாவுக்காகத் திருச்சிக் கருமண்டபத்தில் ஒரு அறை எடுத்துக் காத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு, அங்கே மாலை ஆறரை, அவர் ஒரு பிரவுசிங் சென்டரில் கேமரா முன்னால் உட்காருவார். இங்கே அக்கா தன் கணினியில் கிளே என்று எல்லோரும் சொல்கிற அந்த நெட் குச்சியைச் செருகி உட்காருவார். வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் அவர்களுடைய குடித்தனம்.

"வடிவா முகமே தெரியிறேல்ல தம்பி. கட்டம் கட்டமா வரும், பிறகு அப்பிடியே நிண்டிடும். சத்தம் மட்டும் வரும். இந்தப் புது அன்ரனாவால சரி வருமோ?"

வரும் அக்கா, கண்டிப்பாக வரும் என்று சொன்னேன். மேலே கூட்டிப்போய் மீன் குழம்போடு சோறு போட்டார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மர்மம் உடைந்தது. கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் கிளே. யாரோ ஒருவர் முதலில் வாங்கி, நல்லது என்று சொல்ல, மற்ற எல்லாரும் அதே கம்பெனியில் வாங்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் சனிக்கிழமை மத்தியானம்தான் ஓய்வு. எல்லாருக்கும் திருச்சியிலோ சென்னையிலோ டொராண்டோவிலோ ஆள். தெருக்குழாய் ஒன்றுதான், மூன்று மணிக்கு ஏழு வீட்டிலும் ஒரே சமயத்தில் குடம் வைத்தால் தண்ணீர் எப்படி வரும்? மலைக்கார மேலதிகாரியின் மண்டையைக் குடைந்த கணக்குக்கு விடை மன்னார் மீன் குழம்பு வாசத்தோடு என் முன்னால் இருந்தது.

திங்கட்கிழமை பெருமையாகப் போய்ச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: கூட்ட நேரத்தில் சிவப்பு வந்தால் அந்தக் கோபுரத்தை, இன்னொரு குழாய் போடுகிற மாதிரி, இரண்டாவது அலைவரிசை கொடுக்கிற பட்டியலில் சேர்ப்பார்கள், ஆனால் அதற்கு இன்னும் பல வாரம் கூடுதலாக அளக்க வேண்டும், அளப்பது நான். பச்சை வந்தால் கோப்பை மூடிவிடலாம். கோப்பு மூடாமல் லீவு கிடையாது. எனக்கோ அந்த மாதக் கடைசியில் தங்கையின் கல்யாணம், டிக்கெட் போட்டாயிற்று. பச்சை வந்தால் அந்தக் கட்டடத்துக்கு இரண்டாவது அலைவரிசை கிடைக்காது என்பது என் காதில் நன்றாகவே விழுந்தது. விழவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, இன்னிக்கு மூணு மணிக்கு ஒரு இருபது நிமிஷம் பில்டிங்ல யாரும் நெட் போடாம இருக்க முடியுமா? டெஸ்ட் பாஸாகணும்."

அக்கா யோசித்தார். சொன்னால் ஏழு வீட்டில் மூன்று வீடுதான் கேட்கும் என்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. மே மாதம் மாதாவுக்குரிய மாதம், ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். அன்றைக்கு அக்கா வீட்டு முறை. அதை மூன்று மணிக்கு மாற்றிவிட்டால்? செபமாலைக்கு வராமல் வீட்டிலிருந்து நெட் பார்க்க எவருக்குத் தைரியம் வரும்? மாதா கோவிப்பாரோ இல்லையோ, மற்ற ஆறு வீடும் கோவிக்கும்.

மூன்று மணி. நான் கீழே காரில். மேலே ஜன்னல் வழியாகச் செபம் ஒரே ராகத்தில் இறங்கி வந்தது. கணினியில் கோடு ஏறியது பாருங்கள், அந்த மாதிரி வேகத்தை நான் ஆய்வுக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. மஞ்சள் ஆயிற்று, பச்சை ஆயிற்று, கரும்பச்சை ஆயிற்று. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளும் உருண்டு முடிகிற வரைக்கும் பச்சை. அழகர்கோயில் போய் மொட்டை போடுகிற குடும்பத்தில் பிறந்தவன், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்தச் சனிக்கிழமை அக்கா தன் கணவரைப் பார்க்கவில்லை என்பது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான் உறைத்தது.

ஊருக்குப் புறப்படும்போது அக்கா கணவருக்கென்று ஒரு பொட்டலம் தந்தார். ஒரு சட்டை, நான்கு பெரிய கட்டி சொக்லேட். சொக்லேட்டைத் தடவிப் பார்த்தேன், முழுக்கொட்டைகள் போட்டது, கல் மாதிரி இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் உருகிவிடுமே என்றேன். கொட்டை உருகாது என்றார்.

தங்கை கல்யாணம் முடிந்த வாரம், சனிக்கிழமை மாலை, கருமண்டபம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அக்காவின் கணவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லி, எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கை வாயை மறைத்தபடியே இருந்தது. இருமலோ என்று நினைத்தேன். சொக்லேட்டைப் பார்த்ததும் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொட்டையை வாயிலிருந்து எடுத்துத் தாளில் வைத்தார். பிறகு இன்னொன்று. வரிசையாக ஆறு கொட்டைகள் வழுவழுவென்று உட்கார்ந்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை.

பங்குனியில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறார், டிரைவர் பிரேக் போட, முன் சீட்டுக் கம்பி வாயைப் பதம் பார்த்துவிட்டது, கடைவாய்ப் பல்லும் ஆட்டம் கண்டுவிட்டது. பல் டாக்டர் ஈறு ஆறட்டும் என்றார். ஈறு ஆறியது, இவருக்கு ஊசிப் பயம் ஆறவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

"மூண்டு கிழமைதான் என்னோட இருந்தவ. அவவின்ர நினைப்பில இருக்கிற முகம் இது இல்லை. கட்டம் கட்டமா வாறபடியாத் தப்பிச்சுக்கொண்டு இருக்கிறன். தம்பி, அந்த நெட்டைக் கெதியாச் சரிப்படுத்திப் போடாதேங்கோ."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் செய்த தில்லுமுல்லு யாருக்குத் துரோகம் என்று கல்யாண வேலைக்கு நடுவிலும் மனசு அரித்துக்கொண்டிருந்தது. இங்கே ஒருவர் அதற்காக என்னைக் கும்பிடாத குறை. நெஞ்சில் கொஞ்சம் பால் வார்த்த மாதிரிகூட இருந்தது. அப்போது ஆறரை ஆகி, திரையில் அக்கா வந்தார்.

இந்தப் பக்கத்திலிருந்து அதை நான் பார்த்ததில்லை. அக்கா தலைசீவி, பொட்டு வைத்து, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது, அதாவது முதல் பத்து நொடி தெரிந்தது. பிறகு அவர் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. பிறகு ஒரு கண் மூடியபடி, வாய் கோணியபடி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கோணல் முகத்தைப் பார்த்தே கணவர் இருபது நிமிடம் பேசினார். சட்டை அளவாக இருக்கிறது என்றார், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, தம்பி டெஸ்ட் பாஸாக்கிவிட்டார், இனிக் கொஞ்ச நாளில் எல்லாம் தெளிவாகிவிடும் என்று என்னைப் பற்றிப் பெருமையாகக் குரல் வந்தது. கம்பி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

லோசானுக்குத் திரும்பியதும் அக்கா முதலில் கேட்டது சொக்லேட்டைப் பற்றி.

"கடிச்சுச் சாப்பிட்டவரோ?"

"மடக் மடக்னு கடிச்சார் அக்கா. எனக்கு ஒரு துண்டுகூடக் குடுக்கல."

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். ஓம், அவருக்கு நல்ல பல்லு, என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். நான் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கோணல் முகம் என்னை விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவிடமிருந்து, தம்பி இன்னும் வரேல்லையே, பாஸ் எண்டு சொன்னீங்களே என்று போன் வரும். நான் மெயின்டனன்ஸ் என்பேன், சர்வர் என்பேன், மழை என்பேன். மூன்றாவது வாரம் வெட்கமாகிவிட்டது. மேலதிகாரியின் அறைக்குப் போய் உண்மையைக் கொட்டினேன். அவர் முகம் சிவந்தது. நான் செபமாலை என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். மலைக்காரரும் கத்தோலிக்கர்தான். மொத்தமும் சொன்னார்களா, ஐந்து பத்துகளுமா, என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். என் அளவைப் பதிவைத் திறந்து எத்தனை நிமிடம் என்று பார்த்து, கொஞ்சம் வேகமாகச் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டார். பிறகு பழைய அளவை ரத்துசெய்து, காரணம் என்ற கட்டத்தில் "செபமாலையால் கூட்டம் இல்லை" என்று பிரெஞ்சில் எழுதினார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் எழுதினார். இரண்டுக்கும் ஒரே பேனா.

மறு அளவைக்கு அக்காவிடம், இந்த முறை ஏழு வீடும் மூன்று மணிக்கு நெட் போட வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு, என்றேன். போன முறை போடாதே, இந்த முறை போடு, ஏன் என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். அக்கா கேட்கவில்லை. ஜெனீவாவிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தாளிக் குடும்பத்தையும் சேர்த்து, எட்டுக் கிளே போட வைத்தார். கோடு தரையோடு படுத்துக்கொண்டது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு சிவப்பைப் பார்த்துக் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஆகஸ்டில் இரண்டாவது அலைவரிசை வருகிறது என்று தேதி தெரிந்ததும் திருச்சிக்குப் போன் போட்டேன். பல் கட்டியாயிற்றா? இல்லை. அளவெடுத்தாயிற்று, டாக்டர் அமாவாசை கழியட்டும் என்கிறார் என்றார். டாக்டரா சொன்னார், நீங்களா? ரெண்டு கிழமை தள்ளிப் போடேலாதோ தம்பி என்று கெஞ்சினார். சுவிட்சர்லாந்தில் ரயிலே தள்ளிப் போகாது, அலைவரிசை எப்படி அண்ணே தள்ளிப் போகும் என்று எரிந்து விழுந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். கிளேயைச் செருகினார். நெட் வந்தது. இணைப்பு கிடைத்ததும் திரை முழுக்க ஒரே புகை மூட்டம். சதுரம் இல்லை, நிற்கவில்லை, புகைக்குள் ஒரு தலை அழகாக அசைந்துகொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. கேமரா கண்ணாடியில் மனிதர் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்.

"அந்தக் கமராவைத் துடையுங்கோ," என்றார் அக்கா.

ஒரு விரல் வந்தது. சட்டை நுனி வந்தது. புகை விலகியது. அக்கா அனுப்பிய சட்டை, அதற்கு மேல் இறுக மூடிய வாயோடு அந்த ஒல்லி முகம், நெற்றி வியர்வை வரைக்கும் தெளிவாக. இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்கா அவரை முழுதாகப் பார்க்கிறார். அறையில் நான் எதற்கு இருக்கிறேன் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வாயைத் திறவுங்கோ."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பங்குனியில இருந்து நீங்கள் கதைக்கேக்க பல்லிடுக்கால காத்துப் போகுது. படம்தான் கட்டம் கட்டமா வந்தது. சத்தம் எனக்கு வடிவாக் கேட்டது."

அவர் திறந்தார். அக்கா அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொட்டை போட்ட சொக்லேட் ஏன் அனுப்பினனான் எண்டு நினைச்சீங்கள்? மடக் மடக் எண்டு கடிச்சவரோ, தம்பி?"

திருதிருவென்று முழித்தேன். செபமாலைத் தில்லுமுல்லால்தான் நெட் தள்ளிப்போனது என்பதும் தெரியுமா என்று கேட்கத் தேவையில்லை, அந்தப் பார்வையிலேயே பதில் இருந்தது. அங்கே, கருமண்டபத்தில், என் நிலைமையைப் பார்த்து அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் கையால் மறைத்துக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு, பல் இல்லாத வாயைத் திறந்துகொண்டு, தோள் குலுங்க. படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

அக்கா திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பல்லுக்கு என்ன, கட்டலாம். அஞ்சு மாசமா மனுசன் சிரிச்ச சத்தமே கேக்கேல்ல தம்பி," என்றார், என்னைப் பார்க்காமலே. "அதுக்குத்தான் உங்களை நெட் நெட் எண்டு கரைச்சல்படுத்தினனான்."